கீமோ நாள்களில் ஜெபிக்க முடியாமல் போனால்

கேள்வி பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டது. சுருக்கமாக: அம்மாவுக்கு 52 வயது, மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒன்றாக நான்கு கீமோ (டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு), அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு (பக்லிடாக்செல்), பிறகு ஆபரேஷன். முதல் டோஸ் முடிந்துவிட்டது. தினமும் அதிகாலை நாலரைக்கு எழுந்து வேதம் வாசித்து ஜெபிக்கிறவர், இப்போது ஒரு அதிகாரம்கூட வாசிக்க முடியவில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். "கர்த்தர் என்னைக் கைவிட்டுட்டாரோ" என்று அழுகிறார். அத்தை நாற்பது நாள் உபவாசம் என்கிறார். ஜெபக்குழுவில் ஒருவர், வியாதியின் பெயரையே வாயால் சொல்லக்கூடாது என்கிறார். அம்மாவை எப்படித் தேற்றுவது?

முதலில் அந்த அழுகையின் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வாசிக்க முடியாமல் போனதற்குப் பெரும்பாலும் மருந்துதான் காரணம். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் முதல் இரண்டு மூன்று இரவு தூக்கத்தைக் கெடுக்கும். அதை நிறுத்தியதும் உடம்பு துவண்டு விழும். வாந்திக்கான வேறு சில மாத்திரைகள் பகலெல்லாம் மயக்கமாக வைத்திருக்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்க இறங்க, படித்த வரியையே திரும்பப் படிக்கவேண்டிவரும். கவனம் சிதறுவதும் பெயர்கள் மறப்பதும் கீமோவின் அறியப்பட்ட விளைவுகள். இதை "விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று அம்மா மொழிபெயர்த்துக்கொள்கிறார். அந்த மொழிபெயர்ப்பைத் திருத்துவதுதான் நீங்கள் செய்யவேண்டிய முதல் ஊழியம்.

எலியாவின் கதை அம்மாவுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கோணத்தில் சொல்லிப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட தீர்க்கதரிசியிடம் தூதன் ஜெபிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கினான். இரண்டாம் முறையும் சாப்பாடுதான். கர்த்தரின் மெல்லிய சத்தம் ஓரேப் மலையில் கேட்டது அதற்கெல்லாம் பிறகு. கீமோ முடிந்த வாரத்தில் இரண்டு இட்லி உள்ளே போய்த் தங்கினால் அந்த நாளின் ஆராதனை நடந்துவிட்டது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அம்மாவின் பக்தி இத்தனை வருஷமும் கடிகாரத்தை வைத்து நடந்தது. இனி ஆறு மாதம் அது கீமோ சுற்றை வைத்து நடக்கட்டும், முதல் நாலு டோஸுக்கு அது 21 நாள் சுற்று. ஒரு காலண்டர் எடுத்து, கீமோ ஏறும் நாளை 1 என்று எழுதி, 21 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் உடம்பு என்ன செய்யும் என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும்.

1-ஆம் நாள் பெரும்பகுதி காத்திருப்பு. ரத்தப் பரிசோதனை முடிவு வரணும், டாக்டர் பார்க்கணும், மருந்து கலந்து வரணும். மருந்து ஏறும் நேரத்தைவிடப் பெஞ்சில் உட்காரும் நேரம்தான் அதிகம். பயம் வளர்வதும் அங்கேதான். இதற்கு நீளமான ஜெபம் உதவாது. மூச்சோடு சேர்ந்த குட்டி ஜெபம் உதவும். பர்திமேயு வழியோரத்தில் கூப்பிட்ட வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மனதுக்குள் "இயேசுவே, தாவீதின் குமாரனே", வெளியே விடும்போது "எனக்கு இரங்கும்". வெளியே விடுவது உள்ளே இழுப்பதைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும். பத்து முறை போதும். நிறுத்திவிட்டு வேண்டுமென்றால் மறுபடி. ஊசி குத்தும்போதும் ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருக்கும்போதும் இது கைகொடுக்கும். ஸ்கேனில் மட்டும், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கணும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

சிவப்பு மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறம். ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். தெரியாதவர்கள் ரத்தம் என்று நினைத்து அரண்டுபோகிறார்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் சிவப்பாக இருந்தாலோ, எரிச்சலோடு போனாலோதான் மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும்.

2 முதல் 5 வரை உடம்பு கீழே கிடக்கும் நாள்கள். இந்த நாள்களில் வேதப்புத்தகம் கையில் இருக்கவேண்டிய அவசியமில்லை, குரல் இருந்தால் போதும். ஒரு சாயங்காலம் வீட்டிலிருப்பவர்கள் உட்கார்ந்து 4, 23, 27, 46, 121, 130 ஆகிய சங்கீதங்களை ஆளுக்கொன்றாக வாசித்து போனில் பதிவு செய்யுங்கள். மொத்தமே பத்து நிமிஷத்துக்குச் சற்று அதிகம் வரும். யூடியூபில் இசையோடு கிடைப்பதைவிடப் பேரப்பிள்ளை தடுமாறி வாசிக்கும் 23-ஆம் சங்கீதம் அம்மாவைத் தூக்கி நிறுத்தும். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது நாலாம் சங்கீதத்தை மட்டும் தட்டிக் கேட்கமுடியவேண்டும். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று முடிவது அதுதான். டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் காலையிலேயே போடலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். தூக்கமின்மையைச் சத்துருவின் போராட்டம் என்று எண்ணி விடிய விடிய எதிர்த்து ஜெபிப்பதற்குமுன், மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.

7 முதல் 14 வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் காலம். அம்மா பார்ப்பதற்குத் தேறியதுபோல் இருப்பார், "ஞாயிறு ஆராதனைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்பார். உண்மையில் கூட்டத்துக்குப் போகக்கூடாத நாள்கள் இவைதான். 15-க்குப் பிறகு கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறும். 16 முதல் 20 வரையான நாள்களில் ஆலயம், திருவிருந்து, பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். குருவானவரிடம் தேதியைச் சொல்லிக் கேட்டால் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பார். பொதுப் பாத்திரம் வேண்டாம், தனிக் கிண்ணம் என்று முன்பே சொல்லுங்கள். வாய்ப்புண் இருந்தால் திராட்சரசம் எரியும். அப்பத்தை ஒரு துளியில் தோய்த்து வாங்கிக்கொள்ளலாம்.

இனி, "வாயால் சொல்லாதே" என்கிற விஷயம். நீங்கள் கேட்டவற்றிலேயே என்னைக் கவலைப்படுத்துவது இதுதான், உபவாசம்கூட இரண்டாவது. "நான் சுகமாயிருக்கிறேன் என்று அறிக்கை செய், மறுபேச்சுப் பேசினால் ஆசீர்வாதம் போய்விடும்" என்று கற்றுக்கொண்டவர், உடம்பு கொதிக்கும்போது வீட்டில்கூடச் சொல்லமாட்டார். கீமோவில் அந்த மௌனம் உயிரை எடுக்கும். வெள்ளை அணு இறங்கியிருக்கும்போது தொற்று வந்தால் சீழ், வீக்கம் என்று எதுவும் காட்டாமல் போகலாம், பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். ஆகவே வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள், கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அது காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் அதே விதி. ஜெபத்தை ஆட்டோவில் போய்க்கொண்டே செய்யலாம்.

அம்மாவிடம் வேதத்தைக்கொண்டே பேசுங்கள். "எனக்குக் காய்ச்சல்" என்பது அவிசுவாசமான வார்த்தை என்றால், "என் எலும்புகளெல்லாம் கட்டுவிட்டது" என்று 22-ஆம் சங்கீதத்தில் பாடியவனை என்ன சொல்வது? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. பவுல் தன் மாம்சத்தில் முள் இருப்பதை மறைக்கவில்லை, ஒரு சபைக்கே கடிதமாக எழுதி அனுப்பினான். அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதையும் நீங்காததையும் சேர்த்தே எழுதினான். "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வசனத்தை அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தை வாசிப்பதேயில்லை.

நடைமுறையில் ஒரு நோட்டு போடுங்கள். பக்கத்தை நடுவில் பிரித்து, இடப்பக்கம் டாக்டருக்குச் சொல்லவேண்டியது: காய்ச்சல், எத்தனை தரம் வாந்தி, மலம் எப்படி, வாய்ப்புண், விரல் மரத்தது. வலப்பக்கம் கர்த்தருக்குச் சொல்லவேண்டியது: பயம், கோபம், நன்றி, ஒரே வார்த்தை ஆனாலும் சரி. எழுத முடியாத நாளில் நீங்கள் கேட்டு எழுதுங்கள். டாக்டரிடம் உண்மை பேசுகிறவர் கர்த்தரிடமும் உண்மை பேசுவார். இரண்டும் ஒரே பழக்கம்தான்.

உபவாசம். சைக்ளோபாஸ்பமைடு உடம்பிலிருந்து சிறுநீர் வழியாக வெளியேறும்போது சிறுநீர்ப்பையை அரிக்கும். அதனால்தான் முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். வேறு தடை இல்லாதவர்களுக்கு நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். தண்ணீரில்லா உபவாசம் அந்த இடத்திலேயே ரத்தப்போக்கை வரவழைக்கலாம். சாப்பாட்டை விட்டால் தசை கரையும், கவுண்ட் ஏறத் தாமதிக்கும், அடுத்த டோஸ் தள்ளிப்போகும். இந்தக் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். 55 கிலோ இருக்கிற அம்மாவுக்குக் குறைந்தது 55 கிராம். ஒரு முட்டை 6 கிராம்தான் தரும் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், வழக்கமான சாப்பாடே போதாது என்று தெரியும். நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, மீன், கொதிக்கவைத்த பால் என்று பிரித்துப் பிரித்து ஆறு வேளை கொடுக்கவேண்டியவரிடம் உபவாசம் பேசுவது சரியல்ல.

அத்தையிடம் சண்டை போடவேண்டாம். அவர் பயத்துக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. நாற்பது நாளும் அவரே அம்மாவுக்காக உபவாசம் இருக்கலாமே. மத்தியஸ்த ஜெபம் என்பதே அதுதான். அம்மா எதையாவது விடவேண்டும் என்று விரும்பினால், ராத்திரி போனில் புற்றுநோய் வீடியோ பார்ப்பதை விடட்டும்.

மருந்தும் விசுவாசமும் எதிரெதிர் என்று யாராவது பேசினால், அம்மாவுக்கு ஏறும் மருந்துகளின் பூர்வீகத்தைச் சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அந்த நுண்ணுயிர் வகையை இத்தாலியில் ஒரு பழங்கோட்டையருகே எடுத்த மண்ணில்தான் முதலில் கண்டார்கள். அடுத்து ஏறப்போகும் பக்லிடாக்செல் முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து பிரிக்கப்பட்டது. மண்ணும் மரப்பட்டையும்! எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுக்கப்பட்டது என்பதை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னதும் அதே ஏசாயாதான். லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறான். நம் ஊர் வரலாறும் அதையே சொல்லும். நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கியது 1838-இல். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சிஎம்சி. தென் தமிழ்நாட்டில் சபையும் ஆஸ்பத்திரியும் ஒரே காம்பவுண்டில் வளர்ந்தவை. இந்த எதிர்ப்புப் பேச்சு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

"நீ சுகமாகிவிட்டாய், இனி மருந்து வேண்டாம்" என்று மேடையிலோ போனிலோ யாராவது சொன்னால் பதில் லூக்கா 17-இல் இருக்கிறது. பத்துக் குஷ்டரோகிகளை இயேசு ஆசாரியரிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். அன்றைக்குத் தோலைப் பார்த்துச் சுத்தம் என்று அறிவிக்கும் பொறுப்பு ஆசாரியருடையது. இன்றைக்கு அந்தப் பொறுப்பு ஸ்கேனிலும் பயாப்ஸியிலும் இருக்கிறது. சுகமாகியிருந்தால் பரிசோதனையில் தெரியும். தெரிந்தபின் மருந்தை நிறுத்துவதா என்று டாக்டர் சொல்லட்டும். ஒன்று கவனியுங்கள்: இரண்டு மூன்று டோஸில் கட்டி கையால் தொட்டுப்பார்த்தாலே சிறுத்தது தெரியலாம். பலர் நிறுத்துவது அந்தக் கட்டத்தில்தான். கைக்குத் தெரியாத அணுக்கள் அப்போதும் மிச்சமிருக்கும் என்பதால்தான் கணக்கை முழுதாக முடிக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டால் "எல்லா டோஸும் முடியட்டும்" என்று ஒதுங்கிவிடுங்கள். மேடையேறியவருக்கு, பிறகு ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் அதைச் சொல்லக்கூட ஆளிருக்காது. விதைக் காணிக்கை (கொடுத்தால் ஆசீர்வாதம் திரும்ப வரும் என்று சொல்லிக் கேட்கும் பணம்) கேட்கிற ஊழியங்களுக்கும் சிகிச்சை முடியும்வரை விடுமுறை.

"யார் செய்த பாவம்" என்ற கேள்வி கட்டாயம் வரும், வெளியாரிடமிருந்து வராவிட்டால் அம்மாவின் உள்ளிருந்தே வரும். எப்போதோ மாமியாரோடு போட்ட சண்டை, கொடுக்காத தசமபாகம், கலைந்துபோன ஒரு கரு. யோவான் 9-இல் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, இவனுமல்ல இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப் பற்றியும் அவர் அதே பாணியில் பேசுகிறார். ஆனால் வசனம் சொன்னவுடன் குற்ற உணர்வு போய்விடாது. அம்மா அந்தப் பழைய விஷயத்தை ஒருவரிடம் முழுதாகச் சொல்லி முடிக்கவேண்டும். மகளிடம் சொல்லமுடியாத விஷயமாகவும் இருக்கலாம். நம்பகமான குருவானவர், ஐயரம்மா (குருவானவரின் மனைவி), மிஷன் ஆஸ்பத்திரி என்றால் அங்கிருக்கும் சாப்ளின் (ஆஸ்பத்திரிப் போதகர்), இவர்களில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கிக் கொடுங்கள். வார்டு சிஸ்டரிடம் கேட்டால் சாப்ளினை வரச்சொல்வார்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அமெரிக்காவில் கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவமனையில் சேர்ந்திருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்தார்கள். "கடவுள் என்னைக் கைவிட்டாரோ", "அவர் என்னை நேசிக்கிறாரா", "இது பிசாசின் வேலை" என்ற எண்ணங்களில் உழன்றவர்களுக்கு மரண அபாயம் 19 முதல் 28 சதவீதம்வரை கூடுதலாகக் காணப்பட்டது. அந்த எண்ணம்தான் கொன்றது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் பக்தி தரும் தேறுதல் ஒரு பக்கம் இருக்க, பக்திக்குள்ளேயே ஒரு காயம் இருக்கமுடியும், அதற்கும் கவனிப்பு வேண்டும் என்று தெரிகிறது. அம்மா "கைவிட்டுட்டாரோ" என்று சொல்லும்போது "அப்படிச் சொல்லாதீங்கம்மா" என்று வாயடைக்காதீர்கள். "எப்போ அப்படித் தோணுது?" என்று கேளுங்கள். 88-ஆம் சங்கீதத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள். சங்கீதங்களில் வெளிச்சமே வராமல் இருட்டில் முடிகிற பாட்டு அது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள்.

வாக்குத்தத்த அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எரேமியா 29:11 எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. அம்மாவுக்கு அந்த வசனம் பிடித்திருந்தால் சுவரில் இருக்கட்டும். அடுத்த ரிப்போர்ட்டுக்கான உத்தரவாதச் சீட்டாக மட்டும் அதை ஆக்காதீர்கள். 91-ஆம் சங்கீதமும் அப்படித்தான். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, அதைக் காட்டி "குதி" என்றது பிசாசு.

பார்க்க வருகிறவர்களுக்கு விதி வையுங்கள், வெட்கப்படாமல் வாசலில் எழுதியே ஒட்டுங்கள். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் உள்ளே வரக்கூடாது. வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவி மாஸ்க் போட்டுக்கொள்ளவேண்டும். பத்து நிமிஷம். 7 முதல் 14 வரை போனில் மட்டும். தலையில் கைவைத்து ஜெபிக்க விரும்புகிறவர் கழுவின கையோடு வைக்கலாம். பத்துப்பேர் சூழ்ந்து நின்று உரத்த குரலில் ஜெபிப்பது அந்த வாரங்களுக்கு ஏற்றதல்ல. ஜெபித்த எண்ணெய் நெற்றியில் ஒரு துளி போதும். போர்ட்டோ பிக் லைனோ (மருந்து ஏற்ற உடம்பில் பொருத்திவைக்கும் குழாய்) வைத்திருந்தால் அதன் ஒட்டின்மேலும் சுற்றிலும் எண்ணெய் படவே கூடாது. ஒட்டு கழன்று கிருமி உள்ளே போகும். பின்னால் ரேடியேஷன் வந்தால் அந்தத் தோலிலும் கேட்காமல் எதையும் பூசவேண்டாம். ஜெபித்த தண்ணீர் என்று யாராவது பாட்டிலில் கொண்டுவந்தால் வாங்கிவையுங்கள், கொதிக்கவைக்காமல் குடிக்கக் கொடுக்காதீர்கள். பண்டிகை அசனமும் அப்படியே. பெரிய அண்டாவில் சமைத்து ஆறிப்போன சோறு இந்த ஆறு மாதத்துக்கு வேண்டாம். கர்த்தர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

முடி பெரும்பாலும் இரண்டாவது டோஸுக்குச் சற்று முன்பாகக் கொட்டத் தொடங்கும். மழிக்க நினைத்தால் ரேசர் வேண்டாம், டிரிம்மர், வெட்டுக்காயம் ஆறாது. ஆலயத்தில் எப்படியும் முக்காடு போடுகிறவர் என்பதால் அங்கே சங்கடம் குறைவு. "உங்கள் தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது" என்ற வசனத்தை ஆறுதலாக அவரே எடுத்தால் சரி. சீப்பில் கொத்தாக வரும் நாளில் நீங்களாக எடுத்துச் சொல்லாதீர்கள்.

கத்தோலிக்க வீடுகளுக்கும் இதெல்லாம் பொருந்தும், இரண்டு மூன்று மட்டும் கூடுதல். நோயில்பூசுதலை (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது) கடைசி நேரச் சடங்கு என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பேர் விட்ட நிழல் அது. இப்போதைய ஒழுங்கு 1972-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வெளியிட்டது. கடுமையான நோய் தொடங்கும்போதே, பெரிய ஆபரேஷனுக்கு முன்பும், பெற்றுக்கொள்ளலாம். நோய் தீவிரமானால் மறுபடியும் பெறலாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பு நோயாளிக்கும் அவரைப் பராமரிக்கிறவருக்கும் கிடையாது. தவக்கால ஒறுத்தலிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. ஜெபமாலை சொல்ல மூச்சு இல்லாவிட்டால் ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கலாம், மற்றவர்கள் சொல்லட்டும்.

மற்றவர்கள் சொல்லட்டும் என்பதை உங்கள் வீட்டிலும் பழக்கப்படுத்துங்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாலுபேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பார்த்தது "அவர்கள் விசுவாசத்தை". உங்களுக்கும் நாலுபேர் வேண்டும். ஒருவர் சமையல், ஒருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்வர, ஒருவர் பைல், பில், கவுண்ட் பார்த்துக்கொள்ள, ஒருவர் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல. நாலையும் நீங்களே செய்தால் மூன்றாவது டோஸுக்குள் நீங்கள் படுத்துவிடுவீர்கள். சபை வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு போடும்போது ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போடாதீர்கள், அம்மாவிடம் கேட்காமல் எதையும் போடாதீர்கள். "அற்புத சுகத்துக்காக" என்று பொதுவாக எழுதுவதைவிட, "வியாழன் காலை ரத்தப் பரிசோதனை, அடுத்த டோஸ் போடுமளவுக்குக் கவுண்ட் ஏறியிருக்கணும், வாந்தி இல்லாம மூணு வேளை சாப்பிடணும்" என்று எழுதுங்கள். கேட்டது கிடைத்ததா என்று அந்த வாரமே தெரியும். அம்மாவின் சோர்ந்த மனதுக்கு அந்தச் சின்னப் பதில்கள் பெரிய துணை. கவுண்ட் ஏறாமல் டோஸ் ஒரு வாரம் தள்ளிப்போனால் அது ஜெபத்தின் தோல்வியல்ல, பலருக்கு நடப்பதுதான். கவுண்ட் ஏற ஊசி போடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் யாரோடும் பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல், சாவதே நல்லது என்கிறமாதிரி பேசினால் அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். புற்றுநோய்ப் பிரிவிலேயே கேளுங்கள். வலிக்கு மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து) எழுதினால், பாடு சகிக்கவேண்டும் என்று மறுக்க விடாதீர்கள். வலியில் முறுக்கிக்கொண்டு கிடக்கிறவருக்கு ஜெபிக்கவே இடமில்லை.

நாலு டோஸ் தாண்டிப் பக்லிடாக்செல் வரும்போது இந்தக் காலண்டரைக் கிழித்துவிட்டு ஏழு நாள் காலண்டர் போடுங்கள். வாந்தி பெரும்பாலும் குறையும். ஒவ்வாமையைத் தடுக்க முன்னதாகப் போடும் ஊசியால் மருந்து ஏறும்போதே தூங்கிவிடுவார். தூங்கட்டும், காதில் சங்கீதம் ஓடட்டும். வாரங்கள் போகப்போக விரல்நுனியும் பாதமும் மரத்துப்போகலாம். வேதத்தின் மெல்லிய தாளைப் புரட்ட வராது. பெரிய எழுத்துப் பதிப்பைத் திறந்தபடி ஸ்டாண்டில் வைத்துவிடுங்கள். முழங்காலில் நிற்கவேண்டாம், எழும்போது தடுமாறி விழுவார். நாற்காலியில், பாதம் இரண்டும் தரையில் பதிய, செருப்போடு. மரப்பு சட்டைப் பொத்தான் போடமுடியாத அளவுக்குப் போனால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லவேண்டும், டோஸைக் குறைப்பார்கள். அது நோட்டின் இடப்பக்கத்தில் எழுதவேண்டியது.